பதினான்கில் ஒன்று

பாஸ்டனில் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது என்றால்
பள்ளத்தூரில் மறுநாள் காலை ஒன்பது இருபத்தொன்பது.
சிகாகோ மட்டும் ஒரு மணி நேரம் கூடத் தருகிறது.
அதைச் சலுகை என்று எடுத்துக்கொள்ளலாமா என
இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

முந்தி விண்ணப்பித்தால் ஒன்றுக்குத்தான்.
இடம் கிடைத்தால் போயே ஆகவேண்டும்,
வேறெங்கும் கேட்கமாட்டேன் என்று
நானும் அப்பச்சியும் ஜெசிந்தா மிஸ்ஸும்
மூன்று பேரும் கையெழுத்துப் போடவேண்டும்.
"இசைகுடிமானம் எழுதற மாதிரியில்ல இருக்கு" என்றார் அப்பச்சி
பேனாவைத் தேடிக்கொண்டே.
மாப்பிள்ளை எந்த ஊர் என்பதுதான்
இன்னும் முடிவாகவில்லை.

பாஸ்டனில் எனக்கு ஒரு தெரு தெரியும்.
செல்போனில் விரலால் அதில் நடந்திருக்கிறேன்.
மூலையில் ஒரு சலவைக் கடை,
அதன் வாசலில் சிவப்புக் குடையோடு ஒருத்தி,
எப்போது போனாலும் அதே காலைத் தூக்கியபடி.
முகத்தை மட்டும் மங்கலாக்கியிருக்கிறார்கள்.
அவளைத் தாண்டித் திரும்பினால் நூலகம்.

சிகாகோவில் ரயில் தலைக்கு மேல் போகிறது.
ஏரி என்கிறார்கள், மறுகரையைக் காணோம்.
ஊருணி பார்த்த கண் அதை ஏரி என்று ஒப்பவில்லை.

மனசு பாஸ்டன் பக்கம்தான்.
அதை மறைக்கவில்லை.

அப்புறம் வந்தது பண உதவிப் படிவம்.
சொந்த வீடு உண்டா?
உண்டு.
எத்தனை அறைகள்?
நானும் வைரவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணினோம்,
முன்தெருவில் நுழைந்து பின்தெருவில் வெளியேறும்வரை.
நாற்பத்தேழு.
பூட்டியவை முப்பத்தொன்பது.
சாவிகள் கோலாலம்பூரில், கோவையில், மெல்பர்னில்,
ஒன்று யாரிடம் என்றே தெரியாது.
எங்களுக்குப் பதினான்கில் ஒன்று:
ஓர் அறை, அதன் உள்ளறை,
பின்கட்டில் அடுப்பு வைக்க ஒரு மூலை,
ஐப்பசியில் எல்லார் ஒழுகலுக்கும் அண்டா வைக்கும் வேலை.
அப்பச்சிக்குக் காரைக்குடி இரும்புக் கடையில் கணக்கு.
மாதம் பதினெட்டாயிரம்.

பாஸ்டன் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
சந்தை மதிப்பு, டாலரில்.
பின்னம் போட்டால் ஏற்காது.
"விக்க முடியாததுக்கு என்ன விலை ஆத்தா?"
கணக்குப்பிள்ளையான அவரே என்னைக் கேட்டார்.
சைபர் போட்டோம்.
சொந்த வீட்டுக்குச் சைபரா என்று சிவப்பெழுத்து வந்தது.
மேலிருந்து எடுத்த படத்தில் எங்கள் வீட்டைப் பார்த்தேன்.
நானே நம்பமாட்டேன்.

சிகாகோ படிவத்தின் கடைசிப் பக்கத்தில்
ஒரு வெற்றுப் பெட்டி இருந்தது.
வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா, முந்நூறு சொல்லுக்குள்.
எழுதினேன்,
பங்கு என்றால் என்ன, பங்காளி என்றால் யார்,
வாசலுக்குச் சுண்ணாம்படிக்க
எத்தனை நாட்டில் சம்மதம் கேட்கவேண்டும்,
நாற்பத்தேழு அறை வீட்டில் நாலு பேர்
ஏன் ஒரே அறையில் படுக்கிறோம்.
இருநூற்றுத் தொண்ணூற்றாறு சொல்.
மீதி நாலை விட்டுவைத்தேன்.

"ஒரு பெட்டிக்காகவா ஊரை மாத்துன?" என்றாள் ரஹ்மத்.
நூலகம், பேராசிரியர், தரவரிசை என்று
என் நோட்டில் இருந்த இரண்டு பத்தியையும்
அவள்தான் போன வாரம் வாசித்துத் திருத்தினாள்.
ஆமாம் என்றேன்.
அங்கே யாரோ ஒருவருக்கு
கேட்கத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

எட்டு ஐம்பதுக்கு அனுப்பினேன்.
சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது.
அப்பச்சி பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினார்.

ஒன்பது இருபத்தொன்பதுக்கு வகுப்பில்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
கரும்பலகையில் ஒரு சமன்பாடு, பாதியில்.
சிவப்புக் குடைக்காரி இன்னும்
அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை.
ரஹ்மத் ஸ்கேல் கேட்டாள்.
கொடுத்தேன்.